பங்காளியின் இரண்டு விரல்

தம்பி இடது கையை ஜேர்கின் பைக்குள் வைத்தபடியேதான் தோட்டத்து லயத்து வீட்டுப் படியேறினான். மற்றக் கையில் ரெஜிஃபோம் பெட்டி. தை மாதத்து மஸ்கெலியாவில், எங்கள் தேயிலை மலையில், யார்தான் கையைப் பைக்குள் விடாமல் நடக்கிறார்கள்? யாரும் கவனிக்கவில்லை. வாசல் இஸ்தோப்பில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தான். பாதி கரைந்த ஐஸுக்குள் ஒரு பெரிய கெலவல்லா மீன் துண்டு, கருஞ்சிவப்பாய், இறைச்சி மாதிரி. சித்தி மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பிடிக்க அவன் இடது கையை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை.

"மீன் கடிச்சிருச்சும்மா" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அவன் என் சித்தி மகன். இருபத்து மூன்று வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு கைவிட்டதும் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் போய் நின்றான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அதுதான் பல்கலைக்கழகம். 2022இல் கடையில் வியாபாரம் படுத்து, ஆட்களைக் குறைத்தார்கள். கூட வேலை செய்த ஒருவன் நீர்கொழும்புக்காரன். அவனுடைய மாமன் பலநாள் மீன்பிடிப் படகில் ஸ்கிப்பர். படகுக்கு ஆள் வேண்டுமாம். கரையில் பிறந்த பையன்கள் இத்தாலிக்குப் போய்விடுகிறார்கள், அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு மலையில் பிறந்தவன் போனான்.

"நீந்தத் தெரியுமாடா ஒனக்கு?" என்று அப்போது போனில் கேட்டேன்.

"படகுல யாருக்குத்தான்க்கா தெரியும்?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான், இந்தத் தொழிலில் கேட்கவேண்டிய கேள்விகள் என்னவென்று தெரியாமல் இரண்டு வருடத்துக்கு மேலாக "கடல் எப்பிடி இருக்கு, காத்து அடிக்குதா" என்று மட்டும் விசாரித்திருக்கிறேன். மலையில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் புயல்தான். காற்று இல்லாத, கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு விடியலில்தான் அவனுடைய விரலுக்கு வினை வந்தது.

அன்றிரவு சித்தி தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னான். படகில் ஆறு பேர். முப்பது, முப்பத்தைந்து நாள் பயணம். ஒரே கயிறு பல கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலில் கிடக்கும். அதிலிருந்து கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய தூண்டில். பொழுது சாயும்போது விடத் தொடங்கினால் முடிய நடுச்சாமம் ஆகும். விடியுமுன்னே இழுக்கத் தொடங்க வேண்டும். இழுத்து முடிய மதியம் தாண்டும். பிறகு மீனை அறுத்து, குடல் எடுத்து, ஐஸ் அறைக்குள் அடுக்கி, தளத்தைக் கழுவி, சிக்கல் எடுத்து, மறுபடி இரை குத்த வேண்டும்.

"அப்ப எப்ப தூங்குவ?"

"நடுவுல."

"நடுவுலன்னா?"

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். மிச்சமிருந்த விரல்களே அந்தக் கணக்குக்குப் போதும். மூன்று மணித்தியாலம். மீன் நிறையக் கிடைக்கிற நாளில் இரண்டு. மீன் கிடைக்காத நாட்களில்தான் நல்ல தூக்கம், ஆனால் அந்த நாட்களில் கவலையில் தூக்கம் வராது.

பதினேழாம் நாள். நான்கு மணியிருக்கும், இன்னும் வெளிச்சம் வரவில்லை. உயிரோடு ஒரு கெலவல்லா ஏறிவந்தது. பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சலாக அடியில் போனது. தளர்ந்து கிடந்த நைலோன் கயிறு அவன் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது. "கயித்தை வளையமா கையில பிடிக்கக் கூடாதுன்னு மொத நாளே சொல்லித் தந்தாங்கக்கா. எனக்குத் தெரியும். அன்னிக்குக் கை சொன்னதக் கேக்கல." வலது கை சும்மாதான் இருந்தது. ஒரு கத்தி இருந்திருந்தால் கயிற்றை அறுத்திருக்கலாம். கத்தி இருந்தது, சமையல் பக்கத்தில்.

அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. விரல்கள் அன்று போகவில்லை. நசுங்கியிருந்தன. துறைமுகத்துக்கு ஆறு நாள் ஓட்டம். ஐஸ் அறையில் பாதிதான் மீன். ஸ்கிப்பர் ரேடியோவில் முதலாளியிடம் பேசினார். பிறகு ஆறு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்: இப்போதே திரும்பினால் டீசல் காசுக்கும் காணாது, என்ன செய்வோம்?

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் அஞ்சு நாள் பாப்போம்னு நாந்தான்க்கா மொதல்ல சொன்னேன்."

டெட்டோல், கிழித்த சாரத் துணி, பனடோல். வலி தாங்காதபோது கையை ஐஸுக்குள் வைத்திருந்தான். பதினொரு நாள் கழித்துக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டை அவிழ்த்தபோது விரல் கறுத்துப் போயிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னான் என்பது புரிய, அவர்களுடைய கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் மலையில் பேர் கணக்கு, ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டு வயிற்றில் அடிப்பார்கள், ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை வீதியில் கத்த வேண்டியிருந்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் பேர் விழுந்தால் இன்ன தொகை என்று தெரியும். படகில் சம்பளம் கிடையாது, பங்கு. மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், இரை, அரிசி பருப்பு எல்லாம் கழிப்பார்கள். மிஞ்சியதில் பாதி படகுக்கு. மற்றப் பாதியை ஸ்கிப்பருக்குக் கொஞ்சம் கூட்டி வைத்து ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். டீசல் முதலிலேயே கழிகிறபடியால் அதன் விலையைச் சுமப்பது முதலாளி மட்டுமல்ல, தூண்டில் இழுக்கிறவனும்தான். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதே, அப்போது நாங்கள் எல்லாரும் பஸ் கட்டணத்தைப் பற்றிப் புலம்பினோம். கடலில் அது வேறு மாதிரி வேலை செய்தது. போன செலவை எடுக்க இன்னும் தூரம், இன்னும் நாள், இன்னும் குறைந்த தூக்கம். மூன்று மணித்தியாலத் தூக்கத்தில் இருக்கிற கைதான் கயிற்றை வளையமாகப் பிடிக்கிறது.

இதில் யாரையும் வில்லனாக்க என்னால் முடியவில்லை. ஸ்கிப்பர் இரவிரவாக அவன் பக்கத்தில் இருந்திருக்கிறார், கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். மற்ற நால்வரும் அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். ஒருவருமே தப்பான ஆளில்லாமல் ஒரு பையனின் இரண்டு விரல் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நஷ்ட ஈடு பற்றி முதலாளியிடம் கேட்டானாம். அவர் சிங்களத்தில் சொன்னதை இவன் தமிழில் சொன்னான்: "நீ சம்பளத்துக்கு வந்த ஆள் இல்லையேப்பா. நீ பங்காளி."

பங்காளி! எங்கள் லயங்களில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை எல்லாருக்கும் தெரியும். காம்பிராவுக்கு நடுவில் சுவர் எழுப்புகிறவன் பங்காளி. கோயில் திருவிழாவில் முதல் சண்டை போடுகிறவனும் அவன்தான். லாபத்தில் மட்டும் சொந்தம் கொண்டாடும் பங்காளியைப் பார்த்திருக்கிறேன், நட்டத்தில் மட்டும் சொந்தம் கொண்டாடச் சொன்ன பங்காளித்தனத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

தொழில் திணைக்களப் பக்கம் பழக்கமுள்ள ஒரு நண்பரிடம் விசாரித்தேன். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எந்த உறுப்புப் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் இழப்பு என்று அதிலே அட்டவணையே போட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் ரோலருக்குள் கை போன ஒருவருக்கு அந்த அட்டவணைப்படிதான் சங்கத்துக்காரர்கள் அலைந்து திரிந்து பணம் வாங்கிக் கொடுத்தார்கள். நண்பர் கேட்ட முதல் கேள்வி: "சம்பளச் சீட்டு இருக்கா?" இல்லை. "நியமனக் கடிதம்?" இல்லை. "ஈ.பி.எஃப்?" சிரித்துவிட்டேன். வேலை கொடுத்தவர், வேலை செய்தவர் என்ற உறவைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எங்கே போய் நிற்பது?

துண்டு என்று எழுதியதும் எங்கள் தாத்தா ஞாபகம் வருகிறது. அவருடைய அப்பா காலத்தில் தோட்டத்தில் 'துண்டு' என்றால் கடன் சீட்டு. கங்காணி கொடுத்த முற்பணம் இவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனோடு ஆளும் கைமாறுவான். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தாத்தா இதைத் திண்ணைக் கதையாகச் சொல்வார், நாங்கள் பழங்கதை என்று கேட்போம்.

"முற்பணம் எவ்வளவுடா வாங்கியிருக்க?"

சித்தப்பா வீட்டுக் கூரைத் தகரம் மாற்றிய வருடம் வாங்கியது. பங்குக் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கழிப்பார்களாம். பயணம் நட்டமானால் சாப்பாட்டுச் செலவு அதிலே ஏறும். தீராமல் வேறு படகுக்குப் போகலாமா என்று கேட்டேன். "போகலாம், புதுப் படகுக்காரர் பழைய கடனைக் கட்டிட்டு எடுத்துக்குவார்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

"இன்னும் அஞ்சு நாள்" என்று அவன் வாயில் வந்தது ஏன் என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது.

பிறகு கொஞ்ச நாள் நான் கண்டதையும் தேடிப் படித்தேன். உலகம் முழுவதும் மீன்பிடித் தொழிலில் வருடத்துக்கு 24,000 பேர் சாகிறார்கள் என்று 1999இல் சர்வதேசத் தொழில் தாபனம் மதிப்பிட்டிருந்தது. 2022இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு அதை ஒரு லட்சத்துக்கு மேல் என்றது. அந்தத் தாபனமே 2007இல் மீன்பிடித் தொழிலுக்கென்று 188ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'மீனவர்' யார் என்று சொல்கிற இடத்தை மூன்று தடவை வாசித்தேன். பிடிபட்ட மீனில் பங்கு வாங்கி வேலை செய்கிறவரும் மீனவரே என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பங்காளி என்று சொல்லித் தப்பிக்கிற வழியை எங்கோ, யாரோ, முன்பே பார்த்திருக்கிறார்கள். எழுத்தில் வேலை ஒப்பந்தம், மருத்துவச் சான்றிதழ், முதலுதவிப் பொருள் எல்லாம் வேண்டும் என்கிறது. மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் படகென்றால் 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், ஏழு நாளில் 77 மணித்தியாலமும் ஓய்வு.

பத்து மணித்தியாலம் என்று அவனிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் வந்த நாளிலிருந்து முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தான். "மீனுக்கு யாருக்கா சொல்றது?"

படகில் செய்மதிப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் எங்கள் மீனைத் தடை செய்ததே, களவாகவும் கணக்கில்லாமலும் பிடிக்கிறார்கள் என்று, அடுத்த வருடம் அந்தத் தடை நீங்குவதற்காக ஆழ்கடல் படகுகளுக்குப் பூட்டிய பெட்டி. படகு எந்த நேரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கரையில் தெரியும். ஒரு கெலவல்லா எந்தக் கடலில் பிடிபட்டது என்று ஐரோப்பாக்காரனுக்குச் சொல்ல முடிகிற பெட்டியால், அதைப் பிடித்தவன் கடைசியாக எப்போது கண்மூடினான் என்று சொல்ல முடியவில்லை.

அவன் சொன்ன மற்ற விஷயங்களை எழுதினால் நீண்டுகொண்டே போகும். கக்கூஸ் கிடையாது, இரவில் பின்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும், அப்படிக் குந்தியவன் விழுந்தால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. எஞ்சின் தலைமாட்டிலேயே ஓடுவதால் எல்லாருக்கும் காது மந்தம், அதனால்தான் வீட்டிலும் கத்திப் பேசுகிறான். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு மணிக்கட்டில் புண். தெவிநுவரைக்குத் தெற்கே கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதை இருக்கிறது, அங்கே இரவில் விளக்கை மட்டும் நம்பி மிதந்துகொண்டு தூங்குவது. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். படுக்கைக்கு அடியில், பிளாஸ்டிக் பை பிரிக்காமல். ஹாபரில் யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. போட்டுக்கொண்டு வேலை செய்தால் கயிற்றில் சிக்குமாம், வேர்க்குமாம், மற்றவர்கள் சிரிப்பார்களாம். கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொன்னபோது அவனுக்கே அது என்னவென்று தெரியவில்லை. பக்கத்துப் படகொன்றில் ஐஸ் அறைக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் விழுந்தார். "குளிர் அடிச்சிருச்சு" என்று பேசிக்கொண்டார்களாம். குளிர் அப்படி அடிக்காது. ஐஸ் கரைந்து மீன் அழுகத் தொடங்கினால் மூடிய அறைக்குள் இருக்கும் ஒட்சிசனை அந்த அழுகலே தின்றுவிடும். கூடவே ஐதரசன் சல்பைட்டு வரும், கூழ்முட்டை நாற்றம். ஏமாற்றுகிற வாயு அது. கொஞ்சம் கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, 'வாடை போயிருச்சு, இனி இறங்கலாம்' என்று நினைக்க வைக்கும். பாழுங்கிணற்றில் இறங்கியவரும் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிற கதை மலையிலும் உண்டே, அதே கதை. மூடியைத் திறந்து நன்றாகக் காற்று விடாமல் இறங்காதே, ஒருவன் விழுந்தால் பின்னால் குதிக்காதே, மேலே நின்று கயிறு போட்டு இழு என்று பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தை அன்றிரவு அவனுக்குப் படிப்பித்தேன். சாதாரண தரத்தில் கோட்டை விட்டவன், இந்த முறை கவனமாகக் கேட்டான்.

கடலைப் பற்றிப் பேச எனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்கலாம். எங்கள் வீட்டுக்குக் கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் கிடக்கிறது. 1969இல் அணை கட்டி முடிய, பழைய மஸ்கெலியா பட்டினம் அதற்குள் போனது. மழை பொய்த்துத் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும், ஊரே பார்க்கப் போகும். அந்தத் தண்ணீரில் ஃபைபர் தோணி போட்டுத் திலாப்பியாவும் கட்லாவும் பிடிக்கிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். என் பெரிய மாமா அவர்களில் ஒருவர். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஒரு மார்கழி இரவு, அடியில் நின்ற பழைய மரக்கட்டையில் வலை மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்திருக்கிறார், தோணி சரிந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தார். அந்தப் பக்கத்தில் முனி இருக்கிறது, இழுத்துவிட்டது என்றார்கள். அம்மாயி அந்த இடத்தில் வருடா வருடம் தேங்காய் உடைத்தாள். மாமா அன்று ஸ்வெட்டருக்கு மேல் ஜேர்கினும், முழங்கால்வரை பூட்ஸும் போட்டிருந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும் என்று முனியைப் பார்த்த யாரும் யோசிக்கவில்லை. தனியாகப் போனார், இருட்டில் போனார், முதல்நாள் கிடைத்த மீன் கடன்காரருக்கே போய்விட்டது என்பதால் போனார். விதி என்று நாங்கள் சொல்லி முடித்த கதையை இப்போது எடுத்துப் பார்த்தால் அதற்குள் பூட்ஸும் கடனும்தான் இருக்கின்றன. தம்பியின் கதைக்குள்ளும் வேறொன்றும் இல்லை.

மாசி நடுவில் ஸ்கிப்பர் போன் எடுத்தார். படகு வெளிக்கிடுகிறது, கை எப்படி இருக்கிறது, கயிறு இழுக்க வேண்டாம், சமையலுக்கு வா, பங்கு அரையாகத் தரலாம். முற்பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. நான் போகாதே என்றேன். இங்கே என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டான். மூன்று விரலோடு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முடியாது. கடைகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. நான் என் சம்பளத்திலிருந்து கடனைக் கட்டுகிறேன் என்றேன், அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஹட்டனில் மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சு, பண்டேஜ், ஒரு டோர்ச், கைக்குப் பொருந்துகிற இறப்பர் கையுறை எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். காயம் பட்டால் நேரடியாக ஐஸுக்குள் வைக்காதே, துணி சுற்றி வை என்று மூடியில் எழுதி ஒட்டினேன். அவன் வாசித்துவிட்டு, "டீச்சர் புத்தி போகாது" என்றான்.

சித்தப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு நாளாகப் பின்பக்கம் உட்கார்ந்து எதையோ தீட்டிக்கொண்டிருந்தார். நுனி உடைந்து மூலையில் கிடந்த அவருடைய பழைய கவ்வாத்துக் கத்தி. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் குறைத்து, பிடி மாற்றி, அறுந்த பெல்ட் தோலை மடித்துத் தைத்து உறை பண்ணியிருந்தார். போகிற அன்று விடியற்காலை, பஸ்ஸுக்கு முன்னால், அதை அவன் இடுப்பில் கட்டப் போனவர் நிறுத்தி, "எந்தப் பக்கம் கட்டணும்?" என்று கேட்டார்.

தம்பி இடது கையைத் தூக்கிப் பிடித்து, கயிறு சுற்றியிருப்பதுபோல் முறுக்கி, வலது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்தான். "இந்தப் பக்கம்ப்பா." கட்டியதும் இஸ்தோப்பில் நின்று கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை உருவிப் பார்த்தான்.

"எதுக்குடா கண்ண மூடுற?" என்றாள் சித்தி.

"ராத்திரிலதானேம்மா வேணும்."